உழைச்செல்வான் எங்கே?

திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ எனப் பெயரிட்டுள்ளார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என வரையறை செய்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. ‘உழை’ என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து, மருத்துவன் சொன்னதைச் சொன்னவாறே செய்து முடிப்பவன் உழைச்செல்வான். அவனுக்கு வேண்டிய பண்புகளை எண்ணுமிடத்து, உரையாசிரியர் பரிமேலழகர் நோயாளியின்பால் அன்புடைமையை முதலில் வைக்கிறார்; அறிவுடைமையை இறுதியில் வைக்கிறார்.

பல்லாண்டுகளாக இக்குறளை நான் வகுப்பறையில் நடத்தி வருகிறேன். நான்காவது கூற்றைச் ‘செவிலியர்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்திற்குச் செல்வதே என் வழக்கமாக இருந்தது. கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகை அலைக்கழித்த 2020, 2021 ஆகிய ஈராண்டுகளே அச்சொல்லின் முழுப்பொருளை எனக்குக் கற்பித்தன.

மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் கொள்ளைநோயை எதிர்கொண்ட வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. தொலைவில், காட்டுக்கு நடுவே, பத்து வீடும் இருபது வீடுமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் அதனை எவ்வாறு எதிர்கொள்வது? இவ்வினாவிற்கு என் விடை வள்ளுவரின் அந்த ஒரு சொல்லில் அடங்கும். மருத்துவரை அனுப்பலாம், மருந்தை அனுப்பலாம், உழைச்செல்வானை மட்டும் நோய் வந்த பிறகு அனுப்ப இயலாது. அவன் நோய் வருமுன்னரே அவ்வூரில் இருந்தாக வேண்டும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாவட்டம், இரு வேறு உலகம்

18 முதல் 44 வயது வரை உள்ளோர்க்கான தடுப்பூசித் திட்டத்தைத் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 மே 20ஆம் நாள் தொடங்கிவைத்தார். அவ்விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், எங்கள் பெருமாநல்லூரை அடுத்துள்ள நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. பின்னலாடைத் தொழிலாளர் ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கில் அமர்ந்து உழைப்பவர். ஒருவர் இருமினால் ஒரு வரிசையே நோயுறும். ஆதலின் அவர்க்கு முன்னுரிமை தந்தது அறிவுடைய செயலே என்பதில் ஐயமில்லை. அங்கே சாலை உண்டு, மின்சாரம் உண்டு, மருந்தைக் காக்கக் குளிர்பெட்டி உண்டு, ஆட்களை வரிசையில் நிறுத்த மேற்பார்வையாளரும் உண்டு.

அதே திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைப்பேட்டைக்கு அப்பால், ஆனைமலைத் தொடர் எழுகிறது. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர் முதலான பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அங்கே உள்ளன. யானையும் காட்டுமாடும் நடமாடும் புலிகள் காப்பகத்திற்குள் அவர்தம் வாழ்க்கை நடைபெறுகிறது. நோயுற்றோரையும் பேறுகால மகளிரையும் நீண்ட கம்பில் துணியால் தொட்டில் கட்டி, இருவர் இருவராகத் தோள்மாற்றிச் சுமந்து, மலைச்சரிவில் இறக்கிக் கொண்டுவந்த செய்திகளை நாளேடுகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். படித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

அக்காலத்தில் 18 முதல் 44 வயதினர் தடுப்பூசி பெறக் ‘கோவின்’ என்னும் இணையத் தளத்தில் முன்பதிவு செய்தல் வேண்டும் என்பது முதலில் வகுக்கப்பட்ட விதி. திறன்பேசி இல்லாதவரும், இருந்தும் அலைவரிசை கிட்டாதவரும் என்செய்வர்? 2021 மே மாத இறுதியில் உச்சநீதிமன்றமே இக்குறையைச் சுட்டிக்காட்டி அரசை வினவியது. பின்னர் நேரில் சென்று பதிந்து கொள்ளவும் வழி செய்யப்பட்டது. ஆயினும் அந்த விதியைத் தொடக்கத்தில் எழுதியவர்தம் மனக்கண்முன் நகரத்து மனிதர் ஒருவரே நின்றிருந்தார் என்பதை மறுத்தற்கியலாது.

அடுத்த வீட்டார் சென்ற வழி

என் வீட்டை அடுத்திருந்த லைன் வீட்டில், சத்தியமங்கலத்திற்கு மேலுள்ள கடம்பூர் மலையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் மனைவியோடு குடியிருந்தார். பனியன் கம்பெனியில் அவருக்கு ஓவர்லாக் தையல் வேலை. அவர் மனைவிக்குப் பிசிறு வெட்டும் வேலை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு, இரண்டு சனிக்கிழமைகள் வெறுங்கையோடு கடந்தால் என்ன நேரும் என்பதைத் திருப்பூர் வட்டாரத்தார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் அவ்விருவரும் மூட்டை கட்டினர். “இப்போது போக வேண்டாம், தம்பி; வழியில் தடுப்பார்கள்” என்றேன். அவர் சொன்ன விடை இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: “இங்கெ இருந்தா வாடகை கேப்பாங்க சார், அங்கெ போனா களியாவது கெடைக்குமுங்க.” குன்னத்தூர், கோபி, சத்தி வழியாக இருசக்கர வண்டியில் அவர்கள் மலையேறினர்.

சில நாட்களுக்குப் பின் அவர் தொலைபேசியில் நடந்ததைக் கூறினார். ஊர் எல்லையிலேயே பெரியவர்கள் அவர்களை நிறுத்திவிட்டனராம். காட்டோரத்தில் இருந்த சாளையில் பதினான்கு நாட்கள் தங்கச் சொன்னார்களாம். காலையும் மாலையும் உறவினர் உணவு கொண்டுவந்து, ஒரு பாறைமேல் வைத்துவிட்டு விலகி நிற்பார்களாம். அவர்கள் உண்டு முடிக்கும்வரை தள்ளி நின்று பேசிக்கொண்டிருப்பார்களாம். அம்மை கண்ட வீட்டாரை ஒதுக்கிவைத்துப் பேணும் பழைய வழக்கத்தையே அவ்வூரார் புதிய நோய்க்கும் கையாண்டனர். ஒதுக்கியவர்களே உணவும் ஊட்டினார்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மறு ஆண்டு தடுப்பூசி வந்தபோது நிலைமை வேறாயிற்று. ஊசிக் குழுவினரின் வண்டி ஊருக்கு வந்ததும் பலர் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டனராம். ஏன் அஞ்சினீர்கள் என்று வினவினேன். “ஊசின்னா பயமில்லீங்க சார். போட வர்றவங்க யாருன்னு தெரியலைங்களே, அதானுங்க பயம்” என்றார். பின்னர் அவ்வூரைச் சேர்ந்த அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் தாம் முதலில் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வாரம் எல்லார் கண்முன்னும் நலமாக நடமாடிக் காட்டிய பிறகே மற்றவர் முன்வந்தனராம். அந்த அம்மையாரே உழைச்செல்வான்.

தொலைவு காவலாகுமா?

‘ஆளில்லாத காட்டில் நோய்க்கு என்ன வேலை? தொலைவே அவர்களைக் காக்கும்’ என்று கூறுவாருமுளர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு, மறுபாதியே ஆபத்தானது.

1918ஆம் ஆண்டு உலகைத் தாக்கிய இன்புளுயன்சா காய்ச்சலின்போது, பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவத் தீவுகள் இரு வேறு ஆட்சியின்கீழ் இருந்தன. மேற்குச் சமோவாவில் நியூசிலாந்து ஆட்சியினர், நோயாளிகளோடு வந்த ‘தலூன்’ என்னும் கப்பலை நவம்பர் 7ஆம் நாள் கரைசேர விட்டனர். சில வாரங்களில் அத்தீவு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர்க்கு மேல் மாண்டனர். அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவிலோ ஆளுநர் துறைமுகத்தை அடைத்தார். தீவு மக்களே கரைகளைக் காவல் காத்தனர். அங்கே அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டிற்கும் கடல் ஒன்றே. தொலைவும் ஏறத்தாழ ஒன்றே. காத்தது தொலைவு எனின், இரண்டையும் காத்திருக்க வேண்டுமன்றோ?

நம் நாட்டிலேயே இலட்சத்தீவு மற்றொரு சான்று. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழும் அத்தீவுகளில், மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். தீவுக்குச் செல்வோர் கொச்சியிலேயே தனித்திருந்து, சோதனை செய்துகொண்டு, அதன்பின்னரே கப்பலேற வேண்டும் என்ற கட்டுப்பாட்டால், 2020ஆம் ஆண்டு முழுவதும் அங்கே ஒருவர்க்கும் நோய் பதிவாகவில்லை. 2020 டிசம்பரில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 2021 ஜனவரியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்திற்குள் நோயுற்றோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். தொலைவு நோயைக் காலந்தாழ்த்தும், தடுத்துவிடாது. அதே தொலைவு மருத்துவரையும் காலந்தாழ்த்தும். ஆகவே தொலைவு தரும் கால இடைவெளியை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே வினா.

சிறு தொகையின் பெருந்துயர்

மக்கட்செறிவு குறைந்த இடங்களில் எண்களே நம்மை ஏமாற்றிவிடும். 2020 ஆகஸ்டில், பெரிய அந்தமானியர் என்னும் பழங்குடியினருள் பத்துப் பேர்க்கு நோய் கண்டறியப்பட்டது. அன்றாட நோய்க் கணக்கை ஆயிரங்களில் கேட்டுப் பழகிய நமக்குப் பத்து என்பது ஓர் எண்ணாகவே தோன்றாது. ஆனால், அவ்வினத்தின் மொத்தத் தொகையே ஐம்பதைச் சற்றுக் கடந்தது! ஐந்தில் ஒரு பங்கினர் ஒரே நேரத்தில் நோய்ப்பட்டனர் என்பதே அதன் பொருள். 1858இல் ஆங்கிலேயர் அந்தமானில் குடியேற்றம் அமைத்ததன் பின்னர், 1877இல் பரவிய தட்டம்மை அவ்வினத்தின் பெரும்பகுதியை அழித்த வரலாறும் உண்டு. ஒரு மொழி பேசுவோர் ஐம்பதின்மர் எனில், ஒரு முதியவரின் மறைவில் எத்தனை சொற்கள் மறைகின்றன என்பதைத் தமிழ் பயிலும் மாணவர்கள் உணர்தல் வேண்டும்.

நலவாழ்வு நிலையங்களை அமைக்கும் அரசு விதியிலும் இதே எண்மயக்கம் உண்டு. சமவெளியில் 5,000 பேர்க்கு ஒரு துணை நலவாழ்வு நிலையம் என்றும், மலைப் பகுதியில் 3,000 பேர்க்கு ஒன்று என்றும் இந்திய அளவுகோல் கூறுகிறது. மலைமக்கள்பால் காட்டப்பட்ட இச்சலுகை பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த 3,000 பேர் ஓர் ஊரில் கூடி வாழ்வதில்லை. இருபது குக்கிராமங்களாக, இடையே ஓடையும் பள்ளமும் யானைத்தடமும் கிடக்க வாழ்கின்றனர். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போன்ற ஊர்கள், மழைக்காலத்தில் காட்டாறு பெருகியபோதெல்லாம் வெளித்தொடர்பு அற்றுத் துன்புற்றுள்ளன. அத்தகைய இடங்களில் தலையை எண்ணுவதைவிட நடையை எண்ணுவதே முறை. நோயாளி ஒருவர் எத்தனை மணிநேரம் நடந்தால் மருந்தை அடைவார் என்பதே அங்கே அளவுகோலாக வேண்டும்.

முன்பே சென்றவர்கள்

அவ்வாறாயின் வென்று காட்டிய இடம் யாதேனும் உண்டா? உண்டு. நீலகிரி மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எனும் ஆறு பழங்குடியினர் வாழ்கின்றனர். அங்கும் தடுப்பூசியைப் பற்றிய அச்சம் தொடக்கத்தில் பரவியிருந்தது. ஆயினும் 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள், தகுதி வாய்ந்த பழங்குடியினர் 20,000க்கும் மேற்பட்டோர்க்கு, ஏறத்தாழ அனைவர்க்கும், முதல் தவணைத் தடுப்பூசி போடப்பட்டுவிட்டது. நகரங்களிலேயே பலர் தயங்கி நின்ற காலம் அது.

இவ்வெற்றியில் மாவட்ட நிருவாகத்திற்கும் மருத்துவத் துறைக்கும் உரிய பங்கு பெரிது. அவற்றோடு மற்றொன்றும் இருந்தது. பழங்குடியினரிடையே நெடுங்காலம் பணியாற்றிவந்த அமைப்புகள் அங்கே முன்னரே வேரூன்றி இருந்தன. கூடலூரில் 1990இல் தொடங்கப்பெற்ற ‘அஸ்வினி’ அமைப்பும் அதன் ஆதிவாசி மருத்துவமனையும் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தன. ஊசியைப் பற்றி ஊராரிடம் பேசியவர் அவர்தம் மொழியிலேயே பேசும் மகளாகவோ மருமகளாகவோ இருந்தார். முப்பதாண்டுக்கால உழைப்பு, மூன்று மாதத்தில் பயன் தந்தது என்க.

தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் செய்யத் தொடங்கினர். அந்நாளில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அவர்கள் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தனர். ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு மூத்த பெண்மணியைத் தேர்ந்தெடுத்து நலப்பணிக்கு அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தினர். குழந்தை இறப்பு பன்மடங்கு குறைந்தது. இப்பள்ளத்தாக்கிலிருந்து வேலை தேடி வந்தோர் திருப்பூரில் பலர். நம் பனியனைத் தைத்த கைகளுள் அவர்தம் கைகளும் உண்டு.

வலிமையா, நம்பிக்கையா?

கொள்ளைநோய்க் காலத்தில் சட்டத்தின் வலிமையே போதும் என்று கருதுவோர்க்கு வரலாறு ஒரு பாடம் வைத்துள்ளது. 1896இல் மும்பையில் பிளேக் நோய் தோன்றிய பின்னர், 1897இல் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. புனே நகரில் படைவீரர் வீடு வீடாகப் புகுந்து சோதித்தனர். பெண்டிரும் இழிவுக்குள்ளாயினர் என்று மக்கள் கொதித்தனர். அவ்வாண்டே பிளேக் ஆணையர் ராண்டு சுடப்பட்டு இறந்தார். மக்கள் நோயை மறைக்கக் கற்றுக்கொண்டதே அச்சோதனையின் பயன். பிற்காலத்தில் பிளேக் கோவையையும் வாட்டியது. அந்நகரில் இன்றுமுள்ள ‘பிளேக் மாரியம்மன்’ கோயில்கள் அந்நாளைய மக்களின் கையறு நிலையைச் சொல்லாமல் சொல்கின்றன. 1897ஆம் ஆண்டின் அதே சட்டமே 2020இலும் கையாளப்பட்டது என்பது நினைவுகூரத்தக்கது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியை இஸ்லாமிய வரலாறு கூறுகிறது. ஏறத்தாழ கி.பி. 639இல் சிரியா நாட்டில் ‘அம்வாஸ்’ கொள்ளைநோய் பரவியது. அந்நாட்டை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள், ‘சர்க்’ என்னும் இடத்தில் இச்செய்தியைக் கேள்வியுற்றார்கள். பேரரசின் தலைவராக இருந்தும் தாமே ஆணையிட்டுவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்சாரிகளை அழைத்துக் கேட்டார்கள். குறைஷிகளுள் முதியோரையும் கேட்டார்கள். அதன்பின்னரே திரும்பிச்செல்ல முடிவு செய்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், நோய் பரவிய ஊரிலிருந்து வெளியேறாதீர்கள் என்ற கருத்தமைந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை அப்போது எடுத்துரைக்கப்பட்டது.

இவ்வறிவுரையின் முதற்பாதியை நாம் அனைவரும் எளிதில் ஏற்கிறோம். மறுபாதியைச் சிந்தித்தோமா? வெளியேறாதே என்று ஒருவனிடம் சொல்பவர், அவன் இருக்குமிடத்தில் அவனுக்கு உணவும் உறையுளும் கிடைக்க வழிசெய்தல் வேண்டும். 2020இல் நம் ஊர்களிலிருந்து மலைக்கும் வடநாட்டிற்கும் நடந்தும் வண்டியேறியும் சென்ற தொழிலாளரைப் பசியே விரட்டியது. மலையூரில் பாறைமேல் வைக்கப்பட்ட அந்தக் களியுருண்டையை நம் ஊர் அவர்க்குத் தந்திருக்குமாயின், அவர்கள் நோயைச் சுமந்து செல்லும் அச்சத்தோடு மலையேறியிருக்க மாட்டார்கள். ஆகவே மலையூரின் காவல் மலையடிவாரத்தில் தொடங்குவதில்லை. நம் கம்பெனி வாயிலிலேயே தொடங்குகிறது.

பெயர் சூட்டும் பிழை

இன்னொன்றையும் சொல்லாதொழிதல் கூடாது. 2020 மார்ச்சு இறுதியில், தில்லி மாநாடு ஒன்றிற்குச் சென்று திரும்பியோர் சிலர்க்கு நோய் கண்டபோது, நோய்க்கே நம் சமயத்தின் பெயரைச் சூட்டிப் பேசினர் சிலர். நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டா என்று அன்றைய தமிழக முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி கேட்டுக்கொண்டார். மாநாட்டில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் எனக் கருத்துரைத்தது. அதே காலத்தில் பல ஊர்களில் இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்கள், சொந்த உறவினரே அஞ்சி நின்ற உடல்களை மதம் பாராது அடக்கம் செய்தனர்.

அந்நாட்களின் வலியை நாம் அறிவோம். அறிந்த நாமே அதைப் பிறர்க்கு இழைத்தல் தகுமா? ஊரடங்கு தளர்ந்து, மலையிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் திரும்பிவந்த தொழிலாளர்க்கு வாடகை வீடு தர மறுத்தோர் நம் தெருக்களிலும் இருந்தனர். நோய்க்கு ஒரு மக்களின் பெயரைச் சூட்டினால் அம்மக்கள் நோயை மறைப்பர். மறைத்த நோய் பெருகும். பள்ளத்தாக்கிலும் பள்ளிவாசல் தெருவிலும் இவ்விதி ஒன்றே.

செய்யத்தக்கன

மலையூர் ஒவ்வொன்றிற்கும் அவ்வூரிலேயே பிறந்து வாழும் ஒருவர், பெண்ணாயின் மிக நன்று, நலப்பணியாளராகப் பயிற்சி பெறுதல் வேண்டும். காய்ச்சலை அளக்கவும், மூச்சுத்திணறலை இனங்காணவும், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும், யாரை எப்போது கீழே அனுப்ப வேண்டும் எனத் தெளியவும் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். நூறு பேர் வாழும் ஊருக்கு ஓர் ஊழியரா, வீண்செலவன்றோ என வினவுவர். தொட்டில் கட்டிச் சுமக்கும் எண்மரின் ஒருநாள் உழைப்பையும், வழியிலேயே பிரியும் உயிரையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று நான் திருப்பி வினவுவேன்.

நாடெங்கும் 2005 முதல் பணியாற்றும் ஆஷா பணியாளர்களை 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் விருதளித்துப் போற்றியது. அவர்கள் பெறுவதோ ஊதியமன்று, ஊக்கத்தொகையே. விருதைவிட, மாதந்தோறும் தவறாத ஊதியமே அவர்க்கு உரிய மதிப்பாகும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மருந்து மனிதரை நாடிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அத்திட்டம் கடைசி வீட்டையும் தேடிச் செல்லும்போதே அதன் பெயர் பொருளுடையதாகும்.

தொழில் நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தொழிலாளியும் எந்த ஊர், எந்த மலை என்பதைக் கம்பெனிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில், அவர்களைப் பதினான்கு நாட்கள் இங்கேயே வைத்து உணவளிக்க ஒரு நிதியை இன்றே ஒதுக்குங்கள். ஜமாஅத்தார் ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்பும் அண்டாவும் நம்மிடம் உள்ளன; அவற்றை எந்த மாதத்திலும் மூட்டலாம்.

நம் கல்லூரிக்கும் கடமை உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுக்கொரு முறை உடுமலை மலையூர் ஒன்றில் நடைபெறலாம். அதுவும் ஒவ்வோராண்டும் வெவ்வேறு ஊரில் அன்று. ஒரே ஊரில் பல்லாண்டுகள். முகம் பழகினாலன்றி நம்பிக்கை பிறவாது. தமிழ்த்துறை மாணவர்கள், காய்ச்சல், இருமல், மூச்சுமுட்டு, அச்சம் என்பவற்றிற்கு அம்மக்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்கலாம். நோயாளியின் சொல் மருத்துவருக்கு விளங்குவதே மருத்துவத்தின் முதற்படி. அச்சொற்றொகுதி, மலையேறும் செவிலியர் ஒருவர் கைக்குச் சென்றால் நம் தமிழ்ப்படிப்பு பயனுடையதாகும்.

கடம்பூர் மலைக்குச் சென்ற அவ்விளைஞர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியோடு திரும்பி வந்தார். இப்போது வேறொரு கம்பெனியில் பணிபுரிகிறார். அண்மையில் ஒருநாள் அவரிடம், மீண்டும் அப்படியொரு நோய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று வினவினேன். “எங்கூர்ல அந்த அங்கன்வாடி அக்கா இருக்குதுங்க சார்” என்றார். தம் ஊரைப் பற்றிக் கூற அவரிடம் ஒரு விடை இருந்தது. பெருமாநல்லூரைப் பற்றிக் கூற என்னிடம் ஒரு விடை இல்லை.

மாணவச் செல்வங்களே, வரும் ஆண்டு ‘மருந்து’ அதிகாரத்தை நடத்தும்போது நான்காவது கூற்றைச் ‘செவிலியர்’ என்று சொல்லிக் கடந்து செல்லமாட்டேன். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் உழைச்செல்வான் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். விடையைத் தேடிக்கொண்டு வாருங்கள். இல்லையெனில் நீங்களே விடையாகி வாருங்கள்.